‘சந்திப்பை ரத்து செய்யவா?’: ரத்து / சரி

மருந்தக (கிளினிக்) சந்திப்புகளைப் பதிவு செய்யும் நான்கு மொழிச் செயலி ஒன்றின் தமிழ்த் திரைகளைச் சீர்படுத்தினோம். சிங்கப்பூரில் இதே வேலையை எடுக்கும் மற்றவர்களுக்குப் பயன்படலாம் என்று செய்த முறையை இங்கே எழுதுகிறோம்.

தொடக்கத்தில் நிறத்தையும் எழுத்துருவையும் தொடவே இல்லை. ஒவ்வொரு திரையையும் படம் பிடித்து, எக்செலில் ஐந்து பத்திகள் போட்டோம்: திரை எண், பொத்தானில் உள்ள சொல், அழுத்தினால் உண்மையில் நடப்பது, ஆங்கிலத் திரையின் சொல், பிழைச் செய்தி. மூன்றாம் பத்தியை அகர வரிசையில் அடுக்கினால் குட்டு உடைந்துவிடும். படிவத்தை அனுப்பும் ஒரே செயலுக்கு சமர்ப்பி, சமர்ப்பிக்கவும், அனுப்பு, உறுதிசெய்க என்று நான்கு பெயர்கள் இருந்தன. அடுத்து இரண்டாம் பத்தியை வைத்து அடுக்கிப் பாருங்கள். ‘ரத்து’ என்ற ஒரே சொல் ஒரு திரையில் படிவத்திலிருந்து வெளியேற்றியது, வேறொரு திரையில் சந்திப்பையே நீக்கியது. ஒரு செயலுக்கு நான்கு பெயர் என்றால் பயனர் தயங்குவார், அவ்வளவுதான். ஒரு பெயருக்கு இரண்டு செயல் என்றால் அவருக்கு நட்டம்.

இதன் உச்சம் தலைப்பில் உள்ள கேள்விப் பெட்டி. சந்திப்பை ரத்து செய்யவா என்று கேட்டுவிட்டு, கீழே ‘ரத்து’, ‘சரி’ என்று இரண்டு பொத்தான்கள். ‘ரத்து’ என்றால் சந்திப்பு ரத்தா, கேள்வி ரத்தா? ஆங்கிலத்திலும் இதே சிக்கல் உண்டு, தமிழாக்கம் அதை அப்படியே தூக்கி வந்திருந்தது. பொத்தான்களை ‘சந்திப்பை நீக்கு’, ‘சந்திப்பு இருக்கட்டும்’ என்று மாற்றினோம். கேள்வியை மறைத்துவிட்டுப் பொத்தானை மட்டும் படித்தாலும் என்ன நடக்கும் என்று புரிய வேண்டும். இந்தச் சோதனையைப் பிறகு எல்லாப் பெட்டிகளுக்கும் வைத்தோம்.

மதிப்பீட்டுக்கு, பயன்பாட்டு எளிமை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 1994இல் தொகுத்த 10 திரை வடிவமைப்பு விதிகளை எடுத்துக்கொண்டோம். ஒத்திசைவும் தரநிலைகளும் அதில் நான்காவது. மூவர் முதல் ஐவர் வரை தனித்தனியே பார்த்து, ஒவ்வொரு குறைக்கும் 0 முதல் 4 வரை கடுமை எண் (4 மிகக் கடுமை) போட வேண்டும். சேர்ந்து உட்கார்ந்தால் முதலில் வாய் திறப்பவர் பக்கம் மற்றவர்களும் சாய்ந்துவிடுவார்கள். இங்கே இன்னொரு நிபந்தனையும் தேவை: ஒருவராவது தமிழ்த் திரையை விட்டு நகரவே கூடாது. குழம்பியதும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுபவர் கண்ணில் தமிழ்க் குறை ஒருபோதும் படாது.

பொத்தானின் வினை வடிவம்தான் அதிக நேரத்தை விழுங்கியது. ‘அனுப்பு’ என்பது மூத்தோரை ஒருமையில் ஏவுவதுபோல் இருக்கிறது என்று ஒரு தரப்பு, ‘அனுப்பவும்’ நீளம் என்று மறுதரப்பு. யார் யாரிடம் பேசுகிறார் என்று கேட்டுப் பார்த்ததும் வழக்கு தீர்ந்தது. பொத்தான், பயனர் இயந்திரத்துக்கு இடும் கட்டளை. அங்கே ‘அனுப்பு’, ‘சேமி’, ‘நீக்கு’ போதும். குறிப்பும் பிழைச் செய்தியும் செயலி பயனரிடம் பேசுபவை. அங்கே ‘பிறந்த தேதியை உள்ளிடுங்கள்’ என்ற மரியாதை கட்டாயம். இந்த ஒரே விதி, பாதிக்கு மேற்பட்ட வரிகளை மறுபேச்சின்றி முடித்துவைத்தது.

பெயர்ச்சொற்களில் புதிதாக எதையும் படைக்கவில்லை. அரசாங்க அறிவிப்புகளிலும் உள்ளூர்ச் செய்திகளிலும் கண்டு பழகிய ‘பலதுறை மருந்தகம்’, ‘மின்னிலக்க’, ‘அடையாள அட்டை’ ஆகியவற்றையே எடுத்தோம். தமிழ்நாட்டுச் செயலிகளின் சொற்கள் தவறில்லை, ஆனால் இங்குள்ளவர் கண் தேடுவது அவற்றை அல்ல.

அடுத்தது வேற்றுமை உருபு. ஆங்கில நிரல் ஊரின் பெயரை ஒரு வெற்றிடத்தில் செருகும், தமிழில் அதன் பின்னால் ‘இல்’ ஒட்டியிருந்தது. விளைவு: ‘ஈசூன்இல்’, ‘தோ பாயோஇல்’. புணர்ச்சி விதிகளை நிரலில் எழுத முயலாதீர்கள், விதிவிலக்குகள் கழுத்தை நெரிக்கும். ‘இடம்: ஈசூன்’ என்று பெயரைத் தனியே நிறுத்துங்கள். மருத்துவர் பெயருக்கும் இதே மருந்து.

பெயர்ப் பெட்டி தனிக்கதை. முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. குடும்பப்பெயர் இல்லாத தமிழர் அதில் அப்பா பெயரைப் போடுவார், அல்லது ஒரு புள்ளி வைப்பார். அதைவிட மோசம், எழுத்துகளை மட்டும் ஏற்கும் சரிபார்ப்பு. நம்மவர் அடையாள அட்டையில் ‘எஸ்/ஓ’ (இன்னார் மகன்), ‘டி/ஓ’ (இன்னார் மகள்) சாதாரணம். சாய்கோட்டைக் கண்டதும் ‘தவறான பெயர்’ என்று சிவப்பில் வரும், அதுவும் ஆங்கிலத்தில். அட்டையில் உள்ளபடி முழுப்பெயர் என்று ஒரே கட்டமாக்கி, சாய்கோடு, புள்ளி, ‘@’ மூன்றையும் அனுமதித்தோம். அந்தப் பிழைச் செய்தி தமிழ்த் திரையிலும் ஆங்கிலத்திலேயே வந்துகொண்டிருந்ததற்குக் காரணம், சர்வரே வாக்கியத்தை அனுப்பியதுதான். சர்வர் பிழை எண்ணை மட்டும் அனுப்ப, வாக்கியம் மொழிக் கோப்பிலிருந்து வருமாறு மாற்றினோம்.

அளவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வரி இடைவெளி ஆங்கிலத்துக்கு எழுத்தளவைப்போல் 1.4 மடங்கு, தமிழுக்கு 1.6 மடங்கு. உயரத்தைப் பூட்டிய பொத்தானில் ‘கு’வின் வால் வெட்டுப்பட்டது, எனவே உயரத்துக்குப் பதில் உள் இடைவெளியை நிர்ணயித்தோம். தொடும் பரப்பு, அந்தந்தத் திரை அளவலகில், ஆண்ட்ராய்டுக்குக் குறைந்தது 48 டிபி, ஐஃபோனுக்கு 44 பாயின்ட். வெள்ளைப் பின்னணியில் சாம்பல் எழுத்து #767676 என்ற நிறத்தைவிட வெளிறக்கூடாது, வெளிறினால் எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே வேண்டிய 4.5:1 என்ற மாறுபாட்டு வரம்பு உடையும். ஆங்கிலத்தில் பேரெழுத்தால் காட்டிய தலைப்பு வேறுபாடு தமிழில் காணாமல் போகும், அதைத் தடித்த எழுத்தால் ஈடுசெய்யுங்கள். மொழி மாற்றும் பொத்தான் எல்லாத் திரையிலும் மேல் வலப்பக்கமே இருக்கட்டும். மாற்றியதும் முகப்புக்குத் துரத்தாமல், நிரப்பிய படிவத்தோடு அதே திரையில் நிற்க வேண்டும்.

கடைசியாக நினைவூட்டும் குறுஞ்செய்தி. ஆங்கிலத்தில் 160 எழுத்துகள் கொள்ளும் ஒரு செய்தி, தமிழில் யூனிகோடாகப் போகும்போது 70 மட்டுமே கொள்ளும். அந்த 70உம் நம் கண் எண்ணும் எழுத்துகள் அல்ல: புள்ளியும் கொம்பும் தனித்தனியே எண்ணப்படும். ‘சந்திப்பு’ நமக்கு 5 எழுத்து, கணினிக்கு 9. எட்டில் வெட்டினால் ‘சந்திப்ப’ என்று நிற்கும். 71 ஆனால் இரண்டு செய்திக்கான கட்டணம். மோசடிக்குப் பயந்து இணைப்பைக் கண்டாலே அழித்துவிடுபவர்கள் பலர் என்பதால் இணைப்பும் வைக்கவில்லை. எஞ்சியது இது:

‘சந்திப்பு: 12/08, பிற்பகல் 12:30. இடம்: புக்கிட் பாத்தோக். மாற்ற: செயலி.’

எண்ணினால் 72. ‘பிற்பகல்’ என்பதை ‘மதியம்’ ஆக்கியதும் சரியாக 70. பட்டியலில் இருந்த ஊர்களில் புக்கிட் பாத்தோக்தான் நீளமானது, ஆகவே மற்றவை தாமாக அடங்கின. பிறகு எக்செலைத் திரும்பத் திறந்து, செயலியில் ‘பிற்பகல்’ என்று இருந்த ஒவ்வொரு திரையையும் தேடிப்பிடித்து ‘மதியம்’ என்று மாற்ற வேண்டியிருந்தது.