வால்டாக்ஸ் ரோட்டிலிருந்து பெரும்பாக்கம்

வீடு மாற லாரி வருகிற நாளுக்கு ஆள் கூப்பிடவே வேண்டாம். கல்லூரிப் பிள்ளைகள், பக்கத்துக் கடைக்காரர்கள், எங்கள் தெரு ஆட்டோக்காரர்கள் என்று தானாகவே கூட்டம் சேர்ந்துவிடும். அடுத்த மாதம்தான் ஆள் கிடைக்காது. சென்னை வால்டாக்ஸ் ரோட்டு நடைபாதையில் இருந்த சில குடும்பங்கள், நகரின் தெற்குக் கோடியில் அரசு கட்டிய பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போனபோது நானும் கூடமாட நின்றேன். அந்த அடுத்த மாதத்தைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

நான் தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவள். சௌகார்பேட்டைப் பக்கம் வேலை பார்த்த காலத்திலிருந்தே இவர்களைத் தெரியும். கடைப் பெயரைப் போட்டு 'எதிர் பிளாட்பாரம்' என்று எழுதி வரும் கடிதத்தை எங்கள் தபால்காரர் சரியாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். ஆயா பிறந்ததும் அங்கே, பேத்தி பிறந்ததும் அங்கே. பகலில் தார்ப்பாயைச் சுருட்டிச் சுவரோரம் கட்டிவைப்பார்கள். கடை ஷட்டர் இறங்கிய பிறகு விரிப்பார்கள். வயசுப் பெண்ணை நடுவில் படுக்கவைத்து அம்மா ஒரு பக்கம், ஆயா ஒரு பக்கம் படுப்பார்கள். மழைக்காலத்தில் உட்கார்ந்தே விடியும். இவர்களுக்கு வீட்டில் ஆசை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

போவதற்கு முன்னால் நாங்கள் ஒன்றை மட்டும் விடாமல் கேட்டோம். முழுப்பரீட்சை முடியட்டும், பிறகு மாற்றுங்கள் என்றோம். 2019 டிசம்பரில் கூவம் கரை சத்தியவாணிமுத்து நகர் மக்களை இதே பெரும்பாக்கத்துக்கு அனுப்பியபோது படிப்பு ஆண்டின் பாதியில் பிள்ளைகள் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். நல்லவேளை, கேட்டது நடந்தது.

காகித வேலைதான் பெரிய வேலை. ஆதாருக்கு முகவரிச் சான்று இல்லாதவர்களுக்குக் கவுன்சிலரோ எம்.எல்.ஏ.வோ உரிய படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் செல்லும். நடைபாதையில் இருப்பவர் வாக்காளர் பட்டியலில் சேர முகவரிச் சான்று தேவையில்லை. அவர் சொன்ன இடத்தில்தான் தூங்குகிறாரா என்று தேர்தல் அலுவலர் இரவில் வந்து பார்த்தால் போதும் என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. இது தெரியாமல் எத்தனையோ பேர் ஓட்டு இல்லாமலே வயதாகிவிட்டார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பிளாஸ்டிக் உறை வாங்கி, ஆதார், ரேஷன் கார்டு, பிறப்புச் சான்றிதழ், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றையும் அதில் போட்டு, வீட்டுப் பெண்ணின் கையில் கொடுத்தோம். மூட்டைக்குள் வைக்காதீர்கள், இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னோம். லாரியில் முதலில் காணாமல் போவது இந்தக் காகிதங்கள்தான்.

ஒரு பெரியவர் காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆறு மாத சிகிச்சையில் பாதிதான் ஆகியிருந்தது. இடம் மாறினால் மாத்திரை நின்றுவிடுமோ என்று அவர் மகள் பயந்து, வரவே மாட்டோம் என்றாள். நிக்‌ஷய் என்ற அரசுக் காசநோயாளிகள் பதிவேட்டின் எண் இருந்தால் நாட்டில் எந்த அரசு மையத்துக்கும் சிகிச்சையை மாற்றிக்கொள்ளலாம். சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வருவதும் நிற்காது. பழைய மையத்து நர்ஸ் அன்றைக்கே புதிய இடத்துக்குப் பேசி, கையில் சில நாள் மாத்திரையும் கொடுத்துவிட்டார். அந்த நர்ஸ் நன்றாக இருக்கட்டும்.

பெரும்பாக்கம் வீட்டில் ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை, உள்ளேயே கழிப்பறை. கதவைச் சாத்திவிட்டுக் குளிக்க முடிந்ததைப் பற்றி ஒரு பெண் என்னிடம் வெகுநேரம் பேசினாள். நினைத்த நேரத்துக்குக் குளிக்கலாம், யாரும் பார்க்கமாட்டார்கள், காசு கொடுக்க வேண்டாம். அது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் அவள் வேலை சௌகார்பேட்டையில் இருந்தது. ஏறக்குறைய 25 கிலோமீட்டர்.

"ஏழு மணிக்கெல்லாம் அவங்க வூட்ல பாத்திரம் தேய்க்கணும்மா. அஞ்சு மணிக்கே பஸ் ஏறுனாத்தான் ஆவும். புள்ளைய யாரு ஸ்கூலுக்கு இட்டுன்னு போறது?"

2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம். அது மட்டும் இல்லாவிட்டால் இவர்களில் பாதிப் பேர் முதல் வாரமே வேலையை விட்டிருப்பார்கள். காசு மிச்சமாகிறது, நேரம்தான் மிச்சமாவதில்லை. ராத்திரியில் மூட்டை இறக்கும் ஆண்களுக்கோ காசும் மிச்சமில்லை, அந்த நேரத்துக்குப் பஸ்ஸும் இல்லை. அதனால் வார நாட்களில் பழைய பிளாட்பாரத்திலேயே படுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறார்கள். 'வீடு கொடுத்தும் திரும்பி வந்துவிட்டார்கள் பார்' என்று எங்கள் தெருவிலேயே பேசுகிறார்கள். கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. பிழைப்பு இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் படுக்கத்தான் மனிதர்கள் நடைபாதைக்கு வருகிறார்கள் என்பதை மும்பை நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றமே 1985-ல் ஒப்புக்கொண்டது. உயிர் வாழும் உரிமையில் பிழைக்கும் உரிமையும் சேர்ந்திருக்கிறது என்றது அந்தத் தீர்ப்பு. வேலைக்குப் பக்கத்தில் வீடு கொடுப்பதுதான் முறை. வடசென்னையிலேயே இடம் பார்க்கச் சொல்லி மனு கொடுத்துக்கொண்டே இருக்கிறோம், இருப்போம்.

அதுவரை சும்மா இருக்க முடியாது. அக்காக்கள் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வேலைக்குப் போகாத ஓர் ஆயா ஒரே மாடியில் உள்ள பிள்ளைகள் எல்லோரையும் காலையில் எழுப்பிக் கிளப்பிப் பள்ளியில் விடுகிறார். வீட்டுக்கு இவ்வளவு என்று மாதம் ஒரு தொகை அவருக்குச் சேர்கிறது. முட்டி வலிக்காரரான அவருக்குக் கீழ்த்தளத்தில் வீடு கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம், இன்னும் பதில் இல்லை. ஒரு பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் கொண்டுவந்தால்தான் சேர்ப்போம் என்றார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவை அச்செடுத்துக் கொண்டுபோய்க் காட்டினோம். சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டி எட்டாம் வகுப்பு வரை சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. தலைமையாசிரியர் படித்துப் பார்த்துவிட்டு அன்றே சேர்த்துக்கொண்டார். ரேஷனில் பிரச்சினை இல்லை, மாநிலத்துக்குள் எந்தக் கடையிலும் வாங்கலாம் என்று விரல்ரேகை வைத்து வாங்கிவிட்டார்கள்.

இப்போது பாக்கி இருப்பது வாக்காளர் அட்டையில் முகவரி மாற்றம், கேஸ் இணைப்பு, இரண்டு பேருக்கு முதியோர் பென்ஷன். அடுத்து போகவிருக்கும் குடும்பங்களின் பட்டியலும் தயாராகிக்கொண்டிருக்கிறது. சோழிங்கநல்லூர், மேடவாக்கம் பக்கம் இருப்பவர்கள் சனிக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் வந்தால் பெரிய உதவி. வாக்காளர் முகவரி மாற்றத்துக்கான படிவம் 8 நிரப்பத் தெரிந்தால் போதும், தெரியாவிட்டால் நான் சொல்லித் தருகிறேன். லாரி நாளுக்கு யாரும் வர வேண்டாம், அதற்கு ஆள் இருக்கிறது.