ட்யூட்டி திருமயத்தில், ஓட்டு காரைக்குடியில்: 12ஏ படிவத்தோடு நான் பட்ட பாடு

2024 மக்களவைத் தேர்தலில் பூத் பாதுகாப்புக்கு முன்னாள் படைவீரர்களையும் கூப்பிட்டார்கள். சுபேதாராக ஓய்வு பெற்றவன் நான், பெயர் கொடுத்தேன். டிஸ்சார்ஜ் புக், அடையாள அட்டை, பாஸ்புக் நகல் எல்லாம் மளமளவென்று முடிந்தது. என் சொந்த ஓட்டைப் போடத்தான் நாக்குத் தள்ளிப்போனது.

பிறந்த ஊர் திருமயம் தாலுகா, புதுக்கோட்டை மாவட்டம். படைவீரர் பதிவு அங்கேதான், அதனால் ட்யூட்டியும் அந்தப் பக்கமே விழுந்தது. வீடும் ஓட்டும் காரைக்குடியில், அது சிவகங்கை மாவட்டம். ஏப்ரல் 19 விடியுமுன்னே பூத்தில் நிற்க வேண்டும், ஐந்தரைக்கு மாதிரி வாக்குப்பதிவு. மாலை ஆறு மணிக்கு ஓட்டு முடிந்தாலும் பெட்டி வண்டி ஏறும்வரை நகர முடியாது.

நம்மைப் போன்றவர்களுக்குத்தான் தேர்தல் பணிச் சான்று. 12ஏ படிவம் எழுதி, ட்யூட்டி ஆர்டர் நகலோடு வாக்குப்பதிவுக்கு நாலு நாள் முன்பாவது கொடுத்தால், வேலை பார்க்கும் பூத்திலேயே ஓட்டுப் போடலாம்.

ட்யூட்டி ஊர் அலுவலகத்தில் கொடுத்தேன். கிளார்க் என் வாக்காளர் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஓட்டு வேற மாவட்டம் சார், அங்கேயே கேளுங்க" என்றார். பஸ் பிடித்து காரைக்குடி அலுவலகத்துக்கு வந்தால், "ஆர்டர் நாங்க போடலையே, போட்டவங்ககிட்டயே போங்க." பக்கத்து மேசைக்காரர் ஒரு படி மேலே: "இதெல்லாம் வாத்தியாருக்கும் போலீசுக்கும்தான், உங்களுக்குக் கிடையாது." தேர்தல் வேலைக்கு மட்டும் நாங்கள் வேண்டுமாக்கும்!

மறுபடி திருமயம் பக்கம் போய் அதே கிளார்க் முன்னால் உட்கார்ந்தேன். "தம்பி, மாவட்டத்தை விடுங்க, தொகுதியைப் பாருங்க. காரைக்குடி, திருப்பத்தூர், சிவகங்கை, மானாமதுரை, திருமயம், ஆலங்குடி, ஆறும் சேர்ந்ததுதான் சிவகங்கை மக்களவைத் தொகுதி. திருமயத்துல நின்னாலும் நான் என் தொகுதிக்குள்ளதான் இருக்கேன்." அவர் முறைத்தார். உள்ளேயிருந்த அதிகாரி அம்மா எட்டிப் பார்த்து, "ஐயா சொல்றது சரிதானே, வாங்கி வைங்க" என்றார். அப்புறம் சான்று கைக்கு வந்துவிட்டது.

பூத்திலும் லேசில் விடவில்லை. "உங்க பேரு லிஸ்ட்ல இல்லையே" என்றார் முதல் அலுவலர். சான்றை வாங்கிக்கொண்டு பட்டியலின் கடைசியில் பெயரை எழுதிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். தலைமை அலுவலர் கையேட்டைப் புரட்டிப் பார்த்து ஒப்புக்கொண்டார். விரலில் மை, பீப் சத்தம், யாருக்குப் போட்டோம் என்று ஏழு விநாடி கண்ணாடிக்குள் தெரியும் சீட்டு. முடிந்தது.

போகிறவர்கள் பாகம் எண், வரிசை எண் இரண்டையும் இப்போதைய பட்டியலில் பார்த்து எழுதுங்கள், பழைய பூத் சிலிப்பை நம்பாதீர்கள். சான்று வாங்கிவிட்டால் வீட்டுப் பக்கத்து பூத்தில் ஓட்டுக் கிடையாது, அங்கே உங்கள் பெயருக்கு நேராகக் குறித்துவிடுவார்கள். சட்டமன்றத் தேர்தல் என்றால் நான் பேசிய நியாயம் செல்லாது. அப்போது காரைக்குடி வேறு தொகுதி, திருமயம் வேறு தொகுதி. அப்படித் தொகுதி மாறினால் தபால் ஓட்டுக்கு 12ஆம் படிவம்தான் போட வேண்டும், அதை வாக்குப்பதிவுக்கு ஏழு நாள் முன்பாவது கொடுக்க வேண்டும்.