மண்முனைப் பாலம் தாண்டி ஒரு துவக்குப் பேச்சு

மண்முனைப் பாலத்தில் மோட்டார் சைக்கிள் ஏறும்போதே மச்சான் பின்னாலிருந்து தொடங்கிவிட்டான். "கழற்றிப் பூட்டுற துவக்குல மச்சான், மூணு நாலு சாதி இருக்கு..."

"பாலம் தாண்டட்டும்" என்றேன்.

இந்தப் பாலம் 2014இல்தான் திறந்தது. அதற்கு முன் பாதை என்ற மிதவையில் ஏறித்தான் மட்டக்களப்பு வாவியைக் கடப்போம். யுத்த காலத்தில் ஏறுமுன் வரிசையில் நின்று பையைத் திறந்து காட்டவேண்டும். இப்போது தூண்டில் போடும் இரண்டு பொடியன்களைத் தவிர அங்கே யாருமில்லை. ஆனாலும் துவக்கு என்ற சொல் சத்தமாகக் காதில் விழுந்தால் என் கை தன்பாட்டில் அடையாள அட்டையைத் தடவுகிறது. சின்ன வயதிலேயே நோர்வே போனவனுக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போயிருக்கிறது.

மச்சான் அங்கே வேட்டைக்குப் போகிறவன். பகிடியில்லை. முப்பது மணித்தியால வகுப்பும் சோதனையும் முடித்து, ஊர் வேட்டைக் குழு ஒன்றில் சேர்ந்து, ஒவ்வொரு செப்டெம்பர் 25உம் எப்போது வருமென்று இருக்கிறவன். அன்றைக்குத்தான் எல்க் வேட்டை தொடங்கும். எல்க் என்றால் மான் சாதிதான், ஆனால் வளர்ந்த கிடாய் ஐந்நூறு கிலோவும் வரும். அந்த இறைச்சியை அவன் மனைவி வறுத்த தூள் போட்டுப் பிரட்டுவாளாம். இவ்வளவு காலமும் இரவல் றைபிள். இந்த வருடம் சொந்தமாக ஒன்று வாங்கவேண்டும், அதுவும் கழற்றிப் பூட்டுகிற டேக்டவுன் றைபிளாக. ஒஸ்லோவில் மாடி வீட்டுக்காரன், காடோ விமானத்தில் போகும் தூரத்தில். முழு றைபிள் ஒன்றேகால் மீற்றர் நீளப் பெட்டி கேட்கும். கழற்றினால் சாதாரணப் பயணப் பெட்டிக்குள் அடங்கிவிடும். தோட்டா ஐந்து கிலோவுக்கு மேல் விமானத்தில் ஏற்றவிடமாட்டார்கள் என்றான். ஒரு கிடாய்க்கு ஐந்து கிலோ தோட்டாவா என்று கேட்டேன். பதில் வரவில்லை.

கொக்கட்டிச்சோலையில் தான்தோன்றீஸ்வரருக்கு ஒரு கற்பூரம் கொளுத்திவிட்டு வெல்லாவெளிப் பக்கம் விட்டோம். சிறுபோக அறுவடை முடிகிற நேரம். வைக்கோல் வாசமும் புழுதியும். வழி நெடுக அவன் கலிபர் கதை, எந்தக் குழல் அளவு, எந்தத் தோட்டா என்று. 6.5×55 போதுமா, 30-06 நல்லதா, 1905இல் பெர்லினில் ஓட்டோ பொக் என்றவர் செய்த 9.3×62ஐ எடுத்தால் என்ன, 1912இல் வந்த 375 எச் அண்ட் எச் எடுத்தால் பிறகொரு காலம் ஆப்பிரிக்காவில் காட்டெருமைக்கும் உதவுமே என்று. ஆபத்தான பெரிய மிருகத்துக்கு 375க்குக் குறைந்த கலிபரைச் சில ஆப்பிரிக்க நாடுகளில் விடமாட்டார்களாம். எனக்கு இந்தக் கலிபர் கதை தேத்தண்ணிக்கடை அரசியல் மாதிரிப் பட்டது, பேசப் பேச முடியாது. நோர்வேச் சட்டம் எல்க்குக்குக் கேட்பது பட்டதும் விரிகிற ரவை, ஆகக் குறைந்தது 9 கிராம். 6.5இன் பத்துக் கிராம் ரவையால் அங்கே காலங்காலமாக எல்க் விழுந்துகொண்டுதான் இருக்கிறது.

பெரியப்பா வயல் குடிசையில், வாடியில் இருந்தார். மச்சானுக்கு அவர் தாய்மாமன். ஆளுக்கு எண்பது தாண்டிவிட்டது, இன்னும் களத்துக்கு வருகிறார். கட்டித் தயிரும் கித்துள் பாணியும் வந்தன. மச்சான் விஷயத்தைச் சொல்ல, அவர் ஆச்சரியப்படுவார் என்று பார்த்தால் அதுதான் இல்லை.

"அதுக்கென்ன மருமகன், எங்கட துவக்கும் மூணு துண்டுதானே. சாக்குல சுத்திச் சைக்கிள் பாருல கட்டிக்கிட்டுத்தான் வயலுக்குப் போற."

உண்மைதான். பன்றிக் காவலுக்கு லைசன் எடுத்த, பன்னிரண்டு போர் என்ற குழல் அளவில் ஒற்றைக்குழல். குழல், அதன் அடியில் பிடிக்கும் முன்மரம், தோளில் அணைக்கும் பிடங்கு. முன்மரத்தை இழுத்தெடுத்து, நெம்பை அமத்தி மடித்தால் குழல் கையோடு வரும். எண்பதுகளில் கையளிக்கச் சொன்னபோது கொண்டுபோய்க் கொடுத்தார். பற்றுச்சீட்டு தந்தார்கள், துவக்கு திரும்பி வரவேயில்லை. முன்மரம் மட்டும் அந்த நேரம் ஆசாரியிடம் திருத்தக் கிடந்ததால் தப்பிவிட்டது. எழுந்துபோய் எடுத்து வந்தார். ஒரு சாண் நீளம், எண்ணெய் குடித்துக் கறுத்த மரம், உள்பக்கம் இரும்புக் கொளுக்கி. வீட்டில் அலுமாரிக் கதவுக்கு முண்டு கொடுத்துக் கிடந்ததாம், எலி கடித்ததால் வாடிக்கு வந்துவிட்டது.

"இதப் பூட்டியிருந்தா எந்தப் பழந்துவக்கும் இறுக்கமாத்தான் தெரியும்" என்றார். "வாங்கக்குள்ள இதக் கழற்றிப்போட்டு, குழல மூடி, காதுக்குக் கிட்ட வச்சு ஒள்ளுப்பம் ஆட்டிப் பாக்கணும். டக்கு டக்கெண்டு கேட்டா ஆணி தேஞ்சிருக்கு. மறுகா, மூடுற வாயில சிகரட் தாள் ஒண்ட வச்சு மூடு. தாள் இழுக்க வந்தா அந்தத் துவக்கு வேணாம்."

மச்சான் தயிர்ச் சட்டியைக் கீழே வைத்துவிட்டான்.

"குறி எதுல கிடக்கு? குழல்லயா, கட்டையிலயா?" என்று பெரியப்பா கேட்டார்.

அவன் இரண்டு மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்த கேள்வி அதுதான். தூரக்கண்ணாடி பிடங்குப் பக்கத்து உடலில் பூட்டியிருந்து குழல் மட்டும் கழன்றால், ஒவ்வொரு முறையும் குழல் அதே இடத்தில் மயிரளவும் பிசகாமல் போய் உட்கார வேண்டும். மரையைக் கால் சுற்றுச் சுற்றிப் பூட்டும் பழைய பாணிகளில் தேய்மானம் வந்தால் குறி தவறும். 2008இல் வந்த ஜெர்மன் பிளேசர் ஆர்8இல் கண்ணாடி குழலின் மேலேயே உட்காருகிறது. கழற்றினாலும் குழலும் கண்ணாடியும் சேர்ந்தே வரும், கீழிருந்து இரண்டு திருகாணிகளை இறுக்கினால் போதும். பிறகு ஆசைப்பட்டால் 375 குழல் ஒன்றை அதற்குரிய பாகங்களோடு வாங்கி அதே உடலில் மாட்டலாம். விலைதான் வயிற்றைக் கலக்கும். இரட்டைக்குழல் றைபிளும் பெரியப்பாவின் துவக்கு மாதிரியே துண்டாகும். ஆனால் இரண்டு குழலும் ஓரிடத்தில் சுடும்படி, ஒரு குறித்த தோட்டாவுக்கென்றே இணைத்திருப்பார்கள். தோட்டாவை மாற்றினால் இரண்டும் இரண்டு பக்கம் போகும்.

"எங்கட துவக்குல குறி குழல்லதான்" என்று பெரியப்பா முடித்துவிட்டார். அந்த முன்மரத்தைத் தனக்குத் தரச்சொல்லி மச்சான் கேட்டான். கட்டுநாயக்க விமான நிலையத்தில் அதற்கு யார் விளக்கம் சொல்வது என்று நான்தான் தடுத்தேன்.

அன்றிரவு வாடியில் தங்கினோம். பதினொரு மணியளவில் தூரத்து வயலில் யானை வெடி கேட்டது. பிறகு ஒருவர் பின் ஒருவராகக் கூக்காட்டினார்கள். வாவிக்கு மேற்கே, இந்தப் படுவான்கரையில் இது புதினமில்லை. எனக்குக் கோபம் வருவது கட்டுத்துவக்கை நினைத்தால்தான். ஒற்றையடிப் பாதையில் கம்பி கட்டி, குழாயில் மருந்து கிட்டித்து வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பன்றிக்கு வைத்தது மாட்டுக்கும் மனிதருக்கும் வெடிக்கிறது. பெரியப்பாவின் பட்டியில் ஓர் எருமை அதனால்தான் மூன்று காலில் நடக்கிறது.

காலையில் மத்திய முகாம் என்ற ஊர் வழியாக அம்பாறை, அங்கிருந்து இங்கினியாகல. பட்டிப்பளை ஆற்றை மறித்துக் கட்டிய சேனநாயக்க சமுத்திரம், அதைச் சூழ 1954இல் அறிவித்த கல்லோயாத் தேசிய வனம். வரிசையில் நின்று படகுக்கு ரிக்கெட் எடுத்தோம். இங்கே யானைகள் ஒரு தீவிலிருந்து மற்றத் தீவுக்கு நீந்தும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நாங்கள் பார்த்தது நான்கு. தலை மட்டும் கரும்பாறை போல, தும்பிக்கை நுனி தண்ணீருக்கு மேலே, குட்டி நடுவில். படகோட்டி மோட்டாரை நிறுத்திவிட்டார். தாய் கரையேறி நின்று உடம்பை உதறியபோது தண்ணீர் விழுந்த சத்தம் எங்களுக்குக் கேட்டது. 375 கதை பேசிய ஆள் அந்த முக்கால் மணித்தியாலமும் வாய் திறக்கவில்லை. படமும் எடுக்கவில்லை.

செப்டெம்பரில் வட்ஸ்அப் வந்தது. பாவித்த ஆர்8, 30-06 குழலோடு. பெரிய மிருக வேட்டைக்காரர் ஒவ்வொரு வருடமும் முப்பது பயிற்சிச் சூட்டுக்குப் பிறகு, 100 மீற்றரில் 30 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள் ஐந்து வெடி போட்டுக் காட்டவேண்டும். அது முடிந்த பிறகு தனியாக இன்னொரு கடதாசி தொங்கவிட்டு, ஒவ்வொரு வெடிக்கும் இடையில் கழற்றிப் பூட்டிச் சுட்டிருக்கிறான். நான்கு ஓட்டை ஒரு தேத்தண்ணிக் கோப்பைச் சுற்றளவுக்குள். ஐந்தாவது ஒரு சாண் தள்ளி. ஒரு திருகாணியை முழுதாக இறுக்க மறந்தானாம்.

படத்தைப் பெரியப்பாவிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஓட்டைகளை விரலால் எண்ணினார்.

"இஞ்ச பார் மனே, அஞ்சாவதுக்கு முதல் ஆட்டிப் பாத்தவனாமா எண்டு கேளு."

கேட்டேன். இல்லையாம்.