கல்லடிக் கரையில் ஒரு சீப்புச் சொறி

மட்டக்களப்புக் கல்லடியில் கரைவலை இழுத்து முடித்த ஒரு காலைப்பொழுதில், ஆழமற்ற நீரில் மிதந்த நெல்லிக்காய் அளவான கண்ணாடி உருண்டை ஒன்றைப் போத்தலில் அள்ளினேன். "தம்பி, அது சொறி, கை கடிக்கும்" என்று வலைக்கார ஐயா ஒருவர் எச்சரித்தார். உருவத்தில் சொறிமீனை ஒத்திருந்தாலும், இது வேறோர் உயிரினத் தொகுதியைச் சேர்ந்த சீப்புச் சொறி. இதன் இரு நீண்ட உணர்கொம்புகளிலும் இருப்பவை கொட்டும் கலங்கள் அல்ல, இரையை ஒட்டிப் பிடிக்கும் பசைக்கலங்கள்.

போத்தலை வெயிலில் பிடித்தபோது அதன் உடலில் எட்டு வரிசைகளாக வானவில் ஓடியது. ஒவ்வொரு வரிசையும் ஆயிரக்கணக்கான நுண்மயிர்கள் ஒன்றாக இணைந்த, சீப்புப் போன்ற சிறு தகடுகளால் ஆனது. அத்தகடுகள் ஒன்றன்பின் ஒன்றாக, எங்கள் வயல்களில் காற்று நெற்பயிரைச் சாய்த்துச் செல்வதைப் போல, அலையலையாய் அடித்து உடலை நகர்த்துகையில், அவற்றின் நெருக்கமான அடுக்கில் பட்ட வெயில் நிறங்களாகப் பிரிகிறது. இதனை அந்த உயிர் தானே உமிழும் ஒளியென்று பலரும் எழுதிவிடுகிறார்கள், அது பிழை. சீப்புச் சொறிகளில் பல வகைகள் இருளில் தீண்டினால் நீலப்பச்சையாய் ஒளிர்வது உண்மைதான், ஆனால் அது முற்றிலும் வேறான வேதிவினை.

என்னை அதிகம் வியக்கவைத்தது அதன் உச்சியில் இருக்கும் சமநிலை உறுப்பு. நான்கு மயிர்க்கற்றைகள் ஒரு நுண்ணிய கல்லைத் தாங்கி நிற்கின்றன; உடல் சாய்ந்தால் கல்லின் பாரம் ஒரு பக்கத்துக் கற்றையில் கூடுகிறது, அதற்கேற்பச் சீப்புகளின் வேகமும் மாறுகிறது. மூளை இல்லாமலே இது நிகழ்கிறது. நிறமூர்த்தங்களில் மரபணுக்கள் அமைந்துள்ள ஒழுங்கை ஒப்பிட்டு 2023இல் வெளிவந்த ஆய்வொன்று, விலங்குகளின் வம்சமரத்தில் முதலில் பிரிந்த கிளை கடற்பஞ்சுகள் அல்ல, இவையே என்பதற்குச் சான்று காட்டியது. அப்படியானால் நரம்புகள் இருமுறை தோன்றியிருக்க வேண்டும், அல்லது கடற்பஞ்சுகள் அவற்றை இழந்திருக்க வேண்டும்.

"இது என்ன தின்னும்?" என்று கேட்டார் ஐயா. மிதவையுயிர்களையும் மீன் முட்டைகளையும் என்றேன். "அப்ப எங்கட மீனுக்கும் கேடுதான்" என்றார். அந்த அச்சம் வீணானதன்று. கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றி இறக்கும் நீரோடு 1980களின் தொடக்கத்தில் கருங்கடலை அடைந்த அமெரிக்கச் சீப்புச் சொறி ஒன்று, அளவுக்கு மீறிய மீன்பிடியும் சேர்ந்துகொள்ள, அங்கிருந்த நெத்தலித் தொழிலையே சரித்தது. 1997இல் அங்கே தென்பட்ட பெரோயி என்னும் இன்னொரு சீப்புச் சொறிதான், அந்த அமெரிக்கச் சீப்புச் சொறிகளையே விழுங்கி அந்தப் பெருக்கத்தை அடக்கியது.