செஞ்சி கோட்டை இறங்குறவங்க

பிப்ரவரி 3
தொண்டையில் சதை எடுத்துவிட்டார்கள். ரிசல்ட் வர ஒரு வாரம் ஆகும். அதுவரை பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அப்பா தலையை ஆட்டிவிட்டுச் சட்டைப்பையில் பேனாவைத் தேடினார்.

பிப்ரவரி 4
வேலூர் லாட்ஜ் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் கிழக்கே மலைமேல் கோட்டைச் சுவர் தெரிகிறது. துணி காயப்போடப் போகும்போதெல்லாம் அங்கேயே நின்றுவிடுகிறேன்.

பிப்ரவரி 5
அப்பா மருந்துக்கடை ரசீதின் பின்பக்கம் எழுதி நீட்டினார். "செஞ்சி போய்ட்டு வா."

திருவண்ணாமலை – திண்டிவனம் தடத்தில் 19 வருஷம் கண்டக்டர். செஞ்சியில் தெற்கே ராஜகிரி மலை, வடக்கே கிருஷ்ணகிரி மலை. கோட்டைக்குள் புகுந்து நடுவில் போகிறது ரோடு. ஒரு நாளில் நாலு முறை அதைத் தாண்டியவர் ஒரு முறைகூட ஏறியதில்லை. டிரிப் நேரம் விடாது, ரிட்டயர் ஆனதும் போகலாம் என்பார். ரிட்டயர் ஆனதும் மூட்டுவலி வந்துவிட்டது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியக் கோட்டைகள் 12ஐ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, அதில் தமிழ்நாட்டிலிருந்து செஞ்சி ஒன்றுதான் என்று பேப்பரிலிருந்து அந்தத் துண்டைக் கத்தரித்து, பென்ஷன் புத்தகத்துக்குள் வைத்தார். நான் அப்போதே அழைத்துப் போயிருக்கலாம். வாடகைக் கார் என்ன பெரிய செலவு? மேலே ஏற முடியாவிட்டாலும் கீழே கல்யாண மகால் வரையாவது நடந்திருப்பார்.

இன்னும் இரண்டு சீட்டு தந்தார். "படி எத்தனை, எண்ணிட்டு வா." "மேல தண்ணி இருக்கா?"

பிப்ரவரி 6
"போய்ட்டு வா. இங்க உக்காந்துகினு நீ இன்னா பண்ணப் போற?" என்றாள் அம்மா. தம்பி ராத்திரி வந்துவிடுவான்.

பிப்ரவரி 7, இரவு
விடியற்காலை பஸ். கண்ணமங்கலம், போளூர், திருவண்ணாமலை. அங்கே திண்டிவனம் வண்டிக்கு மாறிக் கண்டக்டர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இடம் வந்ததும் அவர் "கோட்டை" என்று ஒரு வார்த்தை சொல்லி விசில் அடித்தார். அப்பா "செஞ்சி கோட்டை இறங்குறவங்க முன்னாடி வாங்க" என்று கடைசி சீட்டுக்கும் கேட்கும்படி இழுப்பார். சின்ன வயதில் லீவுக்கு அவரோடு போகும்போது, தூங்கிக்கொண்டிருந்தாலும் அந்தக் குரலுக்கு எழுந்து ஜன்னல் பக்கம் திரும்புவேன்.

வெயிலுக்கு முன்னால் மலையை முடித்துவிடச் சொன்னார் டிக்கெட் கொடுத்தவர். முதல் படியிலிருந்தே எண்ணினேன். சில படி பாறையில் செதுக்கியது, சில படி பலகைக்கல். ஒன்று முழங்கால் உயரம், அடுத்தது நாலு விரல் உயரம். 612 என்று வாய்விட்டுச் சொன்னபோது குரங்கு பையைப் பிடித்து இழுத்தது. அது பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு போன பிறகு எண்ணிக்கை என்னிடம் இல்லை. 612ஆ, 621ஆ? திரும்பக் கீழே போய் எண்ணலாமா என்று அங்கேயே நின்றேன். அவர் கேட்டதே ஒரு கணக்குதான்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே மலை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. பிளவு 24 அடி அகலம், குறுக்கே ஒரு பாலம். அந்தக் காலத்தில் அங்கிருந்த மரப்பாலத்தை உள்ளிழுத்துக்கொண்டால் மேலே இருப்பவர்களை யாரும் தொட முடியாது. நடுப்பாலத்தில் நின்று குனிந்து பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

மேலே ரங்கநாதர் கோயில், கஜானா, சுத்தி மதில். 800 அடி உயரம். காற்று துப்பட்டாவைப் பிடுங்கியது. வடக்கே திரும்பினேன், கிருஷ்ணகிரிக்கும் இதற்கும் நடுவே அந்த ரோடு. ஒரு பச்சை பஸ் வந்து நின்றது, யாரோ இறங்கினார்கள், புறப்பட்டது. விசில் இவ்வளவு உயரம் வரவில்லை. ஒரு நாளில் நாலு முறை, 19 வருஷம். யார் ஏறியிருந்தாலும் இங்கே நின்று அவரைப் பார்த்திருக்கலாம்.

தண்ணீர் இருக்கிறது அப்பா. சுனை.

இறங்கி வந்தபோது கால் தானாக ஆடியது. கல்யாண மகாலில் உட்கார்ந்துவிட்டேன். நாலு பக்கமும் வளைவு வளைவாகக் கூடம், நடுவே அடுக்கடுக்காகக் குறுகிப் போகும் கோபுரம். அரண்மனைப் பெண்கள் இருந்த இடம் என்கிறார்கள். ஒரு குளத்திலிருந்து மண்குழாய் வழியாக மாடி வரைக்கும் தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள். அரண்மனை இருந்த இடத்தில் அடித்தளம் மட்டும்தான் மிச்சம். அந்தத் தரையில் நின்று எங்கே சமையல், எங்கே படுக்கை என்று யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை.

களஞ்சியத்தில்தான் ரொம்ப நேரம் இருந்தேன். இருட்டு, வௌவால் வாடை, அத்தனை தடிமனான சுவர். யாரும் இல்லை. "செஞ்சி கோட்டை இறங்குறவங்க" என்று கத்தினேன். அது சுற்றி வந்து தலைக்கு மேல் நின்றது. என் குரலாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 8
எல்லாப் படத்தையும் காட்டினேன். கல்யாண மகாலை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டார். ரோடு இருந்த படத்தைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தார். "612க்கு அப்புறம்?" என்று எழுதிக் காட்டினார்.
"விட்டுட்டேம்பா."
"பரவால்ல. அரை டிக்கெட்."

பிப்ரவரி 9
தூக்கம் இல்லை. 1690இல் ஔரங்கசீப்பின் படை செஞ்சியை வளைத்தது. உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம். 1698இல்தான் கோட்டை விழுந்தது. எட்டு வருஷம். மதில்மேல் காவல் நின்றவன் வீட்டில் குழந்தை பிறந்து நடக்க ஆரம்பித்திருக்கும். அவர்களுக்கு மலையும் களஞ்சியமும் சுனையும் இருந்தன. எனக்கு ஒரு வாரம் தாங்கவில்லை. ராஜாராம் தப்பி முதலில் வந்து சேர்ந்தது இந்த வேலூருக்குத்தான். ராத்திரியில் வந்திருப்பாரோ? என்ன சாப்பிடக் கொடுத்தார்கள்?

பிப்ரவரி 10
ரிசல்ட் வந்துவிட்டது.

பிப்ரவரி 11
குரல்வளையை முழுதாக எடுக்க வேண்டும். மூச்சுக்குக் கழுத்தில் துளை. பயிற்சி இருக்கிறது, கருவி இருக்கிறது, பேச முடியும் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அதே குரலா என்று கேட்டேன். வேறு மாதிரி இருக்கும் என்றார்.

அப்பா எதுவும் எழுதவில்லை.

பிப்ரவரி 13
மூன்று பழைய போனையும் தம்பியின் போனையும் தேடிவிட்டோம். ஒரு கல்யாண வீடியோவில் மட்டும் அவர் குரல் இருக்கிறது. "அந்த லைட்டப் போடுப்பா." அவ்வளவுதான்.

பிப்ரவரி 15
சிவராத்திரி. அம்மா வேலூர் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குப் போக வேண்டும் என்றாள். அகழி ஓரமாக நடந்தோம். பல நூறு வருஷம் சாமி இல்லாத கோயிலாக இருந்தது, 1981 மார்ச்சில்தான் லிங்கத்தை உள்ளே கொண்டுவந்து வைத்தார்கள். அம்மாவுக்கு அப்போது கல்யாணமான புதிது. "உங்கப்பாதான் கூட்டிகினு வந்தாரு. அந்தக் கூட்டத்துல என்ன ஏய் ஏய்னு கத்திக் கூப்டாரு, கண்டுபிடிச்சி வந்துட்டேன்."

திரும்பும்போது ராணிப்பேட்டைக் கதையை எடுத்தேன். 1714இல் தேசிங்கு ராஜா ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு சண்டையிட்டு செத்தபோது ராணி உடன்கட்டை ஏறினாள், நவாபே அவள் நினைவாக எழுப்பியதுதான் நம் ஊர்.

"அந்தப் பேச்ச விடு" என்றாள். பத்தடி தள்ளிப் போய், "அவன் செத்தா அவ ஏன் சாவணும்? அவளுக்கு எத்தன வேல இருந்திருக்கும்."

என் கையைப் பிடித்துக்கொண்டுதான் ரோட்டைத் தாண்டினாள்.

பிப்ரவரி 16
இனிமேல் பேசலாம், தடையில்லை என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். ஏன் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

சாயங்காலம் வரை அவர் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் போனைக் காட்டி, ஆன் பண்ணு என்று சைகை செய்தார். கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கரகரவென்று வந்தது. திருவண்ணாமலை. கீழ்பென்னாத்தூர். ஒவ்வொன்றுக்கும் ஸ்டாப்பிங்கில் நிற்கிற நேரம் விட்டார். செஞ்சி கோட்டை இறங்குறவங்க முன்னாடி வாங்க. பக்கத்து படுக்கைக்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். செஞ்சி. வல்லம். இருமல் வந்தது, அம்மா தண்ணீர் கொடுத்தாள். தீவனூரும் திண்டிவனமும் பாக்கி.

பிப்ரவரி 17
காலை 5.40. ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது. அம்மா இரண்டு காலுக்கும் வேறு வேறு செருப்பு போட்டுக்கொண்டு நிற்கிறாள்.