அம்மாவின் பாஸ்போர்ட்டும் ஹட்டன் டவுன் ஏஜென்டும்

பெரியம்மா, மலையகத் தமிழர் பலரை இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பிய ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் தலைமன்னாரில் கப்பலேறிப் போனவர். இப்போது துறையூரில் இருக்கிறார், எண்பதைத் தாண்டிவிட்டார். "கண்ண மூடுறதுக்குள்ள அக்காவ ஒருக்கா பார்க்கணும்" என்று அம்மா சொல்ல ஆரம்பித்ததும், ராத்திரி பதினொரு மணிக்குப் படுத்துக்கொண்டே போனில் ஒரு இணையத் தளத்தில் டிக்கெட் போட்டேன். எது மலிவு என்று மட்டுந்தான் பார்த்தேன். சென்னைக்கு, விடியற்காலை விமானம்.

அம்மாவின் பெயர் கேட்ட இடத்தில், கிளினிக் கொப்பியில் இருக்கிற மாதிரி அப்பாவின் பெயரைச் சேர்த்துவிட்டேன். பாஸ்போர்ட்டில் இருப்பதோ தாத்தாவின் பெயர். இரண்டு நாள் கழித்துத்தான் கண்ணில் பட்டது. அந்தத் தளத்தில் பதில் சொன்னது மெஷின். விமானக் கம்பனிக்குக் கோல் எடுத்தால், "டிக்கெட் போட்ட இடத்துலயே கேளுங்க" என்றார்கள். ஒரு கிழமை இப்படியே இழுபட்டது. கடைசியில் ரத்துச் செய்தேன். வரிப் பணம் மட்டும் திரும்பி வந்தது. எவ்வளவு போனது என்று அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

பிறகுதான் ஹட்டன் டவுனில் மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை போட்டிருக்கும் ஏஜென்ட் அண்ணனிடம் போனேன். அவர் பெயரே கேட்கவில்லை. "பாஸ்போர்ட்ட கொடுங்க தம்பி" என்று வாங்கி, படமுள்ள பக்கத்தின் அடியிலிருக்கும் இரண்டு வரியில் விரலை வைத்தார். இலங்கையைக் குறிக்கும் எல்.கே.ஏ.வுக்குப் பிறகு வருவது குடும்பப் பெயர், அடுத்து இரண்டு அம்புக்குறி, அதற்குப் பிறகு மற்றப் பெயர்கள். "இத பார்த்து அடிச்சா பிழை வராது." இத்தனை வருஷமாக அந்த வரிகளை ஏதோ அலங்காரம் என்று நினைத்திருந்தேன்.

அடுத்த கேள்வி, "துறையூருக்கு ஏன் சென்னை?" திருச்சியில் இறங்கினால் அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர் போலத்தான். சென்னையென்றால் முந்நூறு கிலோமீட்டர் போல பஸ்ஸில். விடியற்காலை விமானமும் வேண்டாமென்றார். மூன்று மணித்தியாலம் முன்னமே கட்டுநாயக்கா விமான நிலையத்தில் நிற்க, நடு இரவுக்கு முன்பே வேன் பிடித்துக் கினிகத்தேனை மலைப்பாதையில் பனிமூட்டத்துக்குள் இறங்க வேண்டும். அந்த வேன் கூலியை நான் கணக்கிலேயே எடுத்திருக்கவில்லை.

அம்மாவின் முழங்காலைப் பார்த்துவிட்டு, தானாகவே சக்கர நாற்காலியும் பதிந்தார். அதற்குக் காசில்லையாம். பெட்டிக்கு எத்தனை கிலோ என்பதைத் துண்டில் எழுதித் தந்தார். நான் முதலில் போட்ட மலிவு டிக்கெட்டில் கைப்பை மட்டுந்தான். அக்காவுக்குத் தேயிலைத்தூள் கொண்டுபோகாமல் அம்மா விமானம் ஏறுவாரா? காசைக்கூட உடனே கேட்கவில்லை, மறுநாள் அந்திவரை சீட்டைப் பிடித்து வைத்தார். டிக்கெட் அடித்த பிறகு, "இப்பவே எழுத்தெழுத்தா பாருங்க. இன்னைக்குன்னா ரத்துப் பண்ணி வேற அடிக்கலாம், நாளைக்கு முடியாது" என்றார்.

கூலியாக ஒரு தொகை எடுத்தார், பேரம் பேசவில்லை. எல்லவில் ஒரு ராத்திரி தங்க அறை தேட இப்போதும் போன்தான் எனக்கு. அதில் பிழை வந்தால் தலை போகாது.

அம்மா போய் மூன்றாவது கிழமை ஏஜென்ட் அண்ணனிடமிருந்து கோல் வந்தது. "தம்பி, அம்மா திரும்புற திகதிய ஒரு கிழமை தள்ளச் சொன்னாங்க. விசா நாள் இருக்கு, பார்த்துட்டேன். வித்தியாசக் காச மட்டும் கொண்டாந்து தாங்க. உங்களுக்குத் தெரியுந்தானே?"

எனக்குத் தெரியாது.