படகு இழுக்க ஒரு பின் பம்பர்

பின் பம்பர் வாங்க நினைப்பவர் கடைக்குப் போகுமுன் வாகனத்துக்கு அடியில் ஒரு சாக்கை விரித்து மல்லாந்து படுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. கடை வாசலில் நின்று பார்த்தால் எல்லாப் பம்பரும் பலமானதாகத்தான் தெரியும்: மினுமினுக்கும் கறுப்புப் பூச்சு, இரு ஓரத்திலும் சிவப்பு ஷக்கிள் (இழுவைக் கயிறு மாட்டும் வளையம்), நடுவில் ட்ரெய்லரைக் கொழுவும் குரோம் பூசிய உருண்டை. இழுக்கிற பாரம் அந்த உருண்டையிலிருந்து எந்த வழியாகச் சேசிக்கு, அதாவது வாகனத்தின் அடிச்சட்டத்துக்கு, போய்ச் சேருகிறது என்பது கீழே கிடந்து பார்ப்பவருக்கு மட்டும்தான் தெரியும்.

எங்களுக்குத் தேவை வந்தது படகால். மட்டக்களப்புக் கல்லடியில் வீடு, படுவான்கரையில் வயல், அண்ணனும் நானும் கூட்டாக வைத்திருக்கும் 18 அடி பைபர் படகு ஒன்று. மாரியில் அது வாவியோடு சரி. சித்திரைக்குப் பிறகு கடல் அடங்கியதும் வாகரைப் பக்கமும் பொத்துவில் பக்கமும் கொண்டுபோவோம். ஒவ்வொரு தடவையும் லொறி பிடித்து, ஏற்ற நாலு பேர், இறக்க நாலு பேர் என்று ஆள் கூப்பிட்டு அலுத்துவிட்டது. வீட்டில் நிற்பது பழைய ஹைலக்ஸ் டபுள் கெப், பின்னால் திறந்த பெட்டியுள்ள வாகனம். இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில் திரும்பத் திறப்பதற்குள் வாகன விலை எங்கேயோ போய்விட்டது. புதிது வாங்கும் யோசனையை அப்போதே கைவிட்டிருந்தோம். இருப்பதைக் கொண்டே படகை இழுப்பது என்று முடிவானது.

சிக்கல் என்னவென்றால், ஒரே வாலுக்கு இரண்டு வேலை. தார் வீதியில் ட்ரெய்லர் மட்டமாக ஓட வேண்டுமானால் உருண்டை தாழ்வாக இருக்க வேண்டும். வயல் பாதையிலும் வாய்க்கால் கடவையிலும் டபுள் கெப்பின் நீண்ட வால் எவ்வளவு உயரமாக நிற்கிறதோ அவ்வளவு நல்லது. சந்தையில் இருக்கும் பம்பர்களில் பாதி முதல் வேலைக்கும் மீதி இரண்டாவது வேலைக்கும் செய்யப்பட்டவை.

வாகனத்தோடு வந்த படிப் பம்பரின் நடுவில் உருண்டை மாட்ட ஒரு துளை இருந்தது. "துளைதான் இருக்கிறதே, பிறகென்ன?" என்றார் அண்ணன். கீழே படுத்தால் கதை வேறு. மேலே மிதித்து ஏறுவதற்கான மெல்லிய தகடு. அதைச் சேசியின் இரு நுனிகளோடு சேர்ப்பவை இரண்டு மடிப்புத் தகடுகள். அவற்றிலும் உப்புக் காற்று தன் வேலையைக் காட்டியிருந்தது. படகு பின்னால் தள்ளுவதும் இழுப்பதுமாக ஓடினால் அந்த மடிப்பு எத்தனை நாளைக்கு நிற்கும்?

கொழும்பில் புதிய இறக்குமதிப் பம்பர் விற்கும் கடை ஒன்றில் விசாரித்தேன். எதைக் கேட்டாலும் தகட்டின் கனத்தைச் சொன்னார்கள். சேசியில் எத்தனை போல்ட், என்ன அளவு, எந்தப் பக்கமாக ஏறும் என்ற கேள்விக்கு "எல்லாம் சரியாக வரும்" என்பதுதான் பதில். கனம் ஒரு நன்மை மட்டுமல்ல. இரும்புப் பம்பர் 60, 70 கிலோவுக்குப் போனால் அந்தப் பாரம் முழுவதும் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. அதன்மேல் ட்ரெய்லரின் பாரமும் ஏறும். ஸ்பிரிங் பட்டை தாழும், முன் சக்கரத்தின் பிடி தளரும், இரவில் விளக்கு வானத்தைப் பார்க்கும். கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ஜப்பான் பழைய பம்பர்கள் மலிவாகக் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவை நாங்கள் கழற்ற நினைத்த அதே சாதி.

கடைசியில் தெளிந்தது இதுதான்: இழுவைக்குத் தனி விட்டம் (குறுக்குச் சட்டம்), அழகுக்கும் காப்புக்கும் தனிப் பம்பர். சேசியின் இரு தண்டுகளுக்கும் குறுக்கே ஒரு பலமான விட்டம். அதன் நடுவில் உள்ளளவு 2 அங்குலமான சதுரக் குழாய். உருண்டையைத் தாங்கும் நாக்கு அந்தக் குழாய்க்குள் போய் 16 மில்லிமீற்றர் ஊசியால் பூட்டப்படும். பம்பர் என்பது அந்த விட்டத்தைச் சுற்றி 3 மில்லிமீற்றர் தகட்டில் போர்த்தும் ஓடு. அது நசுங்கினாலும் இழுவை நிற்காது. இரண்டு வேலை என்ற சிக்கலும் இதில் தீர்ந்தது. படகு இழுக்கும்போது கீழே வளைந்த நாக்கைச் செருகலாம். வயலுக்குப் போகும்போது கழற்றி உள்ளே போட்டுவிடலாம்.

செய்து தந்தவர் காத்தான்குடியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ஒரு காக்கா (முஸ்லிம் அண்ணன்). உழவு இயந்திரப் பெட்டிகள் செய்து பழகிய கை. நான் கொண்டுபோன படத்தைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "தம்பி, சேசி வாய்க்கால் மாதிரித் திறந்திருக்கிறதா, பெட்டி மாதிரி மூடியிருக்கிறதா?" என்பதுதான். கொழும்பில் யாரும் கேட்காத கேள்வி. போல்ட் ஏறும் இடத்தில் எங்கள் வாகனத்தின் தண்டு நாலு பக்கமும் மூடியது. மூடிய தண்டில் நீள போல்ட்டைக் குறுக்கே விட்டு இறுக்கினால் இரண்டு சுவரும் உள்ளே நசுங்கும். நசுங்கியது மெதுவாகத் தளரும். தளர்ந்த போல்ட் துளையைத் தின்னும். அதற்காக ஒவ்வொரு போல்ட்டுக்கும் தண்டின் உள்ளகலத்துக்குச் சரியாக ஒரு குழாய்த் துண்டை வெட்டி உள்ளே வைத்தார். போல்ட் அந்தக் குழாயினூடாகப் போகிறது. இறுக்கம் முழுவதையும் குழாய் வாங்கிக்கொள்கிறது. வெளியே நின்று பார்க்கும் எவருக்கும் அது தெரியப்போவதில்லை.

சேசியில் நேரடியாக வெல்டிங் வைப்பதற்கு அவர் சம்மதிக்கவில்லை. சூடு பட்ட ஓரத்தில்தான் பிறகு வெடிப்பு வரும் என்றார். போல்ட்டின் தலையில் அதன் பலத்தைக் குறிக்கும் 8.8 என்றோ 10.9 என்றோ பொறித்திருக்க வேண்டும், ஒன்றும் இல்லாததைக் கதவுக்கு வைத்துக்கொள் என்பது அவர் சட்டம். நாங்கள் எடுத்தது 10.9.

விட்டம் தயாராகிக்கொண்டிருந்த இடைவெளியில் பாரத்தை நிறுத்துப் பார்த்தோம். அரிசி ஆலைத் தராசில் ட்ரெய்லர், படகு, இயந்திரம், வலை, எரிபொருள் எல்லாம் சேர்ந்து 690 கிலோ. ட்ரெய்லருக்குத் தனி பிரேக் கிடையாது. பிரேக் இல்லாத ட்ரெய்லருக்குப் பல நாடுகளில் வைத்திருக்கும் எல்லை 750 கிலோ என்பதால், அதற்குள் நிற்கிறோம் என்பது ஆறுதல். அடுத்து மூக்குப் பாரம், அதாவது ட்ரெய்லரின் மூக்கு உருண்டையை அழுத்தும் பாரம். நெல் மூட்டை நிறுக்கும் தராசின்மேல் ஒரு மரக்கட்டையை வைத்து, உருண்டை நிற்க வேண்டிய அதே உயரத்தில் மூக்கை இறக்கினோம். முள் 28 கிலோவில் நின்றுவிட்டது. மொத்தப் பாரத்தில் பத்திலொரு பங்கு அளவு மூக்கில் இருந்தால்தான் ட்ரெய்லர் நேராகத் தொடரும். குறைந்தால் வேகத்தில் வால் ஆடத் தொடங்கும், ஆட்டம் பிடித்தால் கெப்பையும் சேர்த்து உலுக்கும். படகின் இயந்திரம் பின் நுனியில் தொங்குவதால் வரும் வினை இது. ட்ரெய்லரின் முன்னால், படகை இழுத்தேற்றும் வின்ச் நிற்கும் தூணைக் கழற்றி ஒரு அடி முன்னே நகர்த்தி, படகையும் அதற்கேற்ப முன்னே இழுத்துக் கட்டியதும் முள் 70க்கு வந்தது. பம்பருக்குச் செலவழித்த காசைவிட இந்த ஒரு அடிதான் பெரிய வேலை செய்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

பம்பர் ஓடு பொருத்துமுன் சில்லறை விஷயங்கள் சிலவற்றைப் பார்க்க வேண்டியிருந்தது. ஹைலக்ஸில் மாற்றுச் சக்கரம் பெட்டிக்கு அடியில் தொங்குகிறது; அதை இறக்கும் கம்பியைப் பின்பக்கத் துளை வழியாகத்தான் விட வேண்டும். அந்தத் துளையை மூடிவிடும் பம்பர்கள் விற்பனையில் உண்டு என்பது வேடிக்கை. எங்கள் ஓட்டில் கம்பி போகும் நேருக்கு ஒரு குழாயே வைத்தாயிற்று. இலக்கத் தகட்டையும் அதன் விளக்கையும் உருண்டை மறைக்காத பக்கத்துக்கு நகர்த்தினோம். பின் கதவை முழுதாக இறக்கினால் ட்ரெய்லரின் மூக்கைத் தாங்கும் சிறு சில்லின் கைப்பிடியில் இடிக்கிறது. அதற்கு மட்டும் வழி கிடைக்கவில்லை; கொழுவியிருக்கும்போது கதவைத் திறப்பதில்லை, அவ்வளவுதான்.

சேற்றில் புதைந்தால் இழுத்து எடுப்பதற்கு இரு தண்டுகளின் நேரிலும் தனித்தனிக் காது வைத்து 4.75 தொன் ஷக்கிள் மாட்டியிருக்கிறோம். இதை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் வாகனம் புதைந்தால் உதவிக்கு வருவது உழவு இயந்திரம். ஓட்டி வருகிற தம்பி சங்கிலியை வீசி, கண்ணில் முதலில் படும் உருண்டையில் மாட்டப் பார்ப்பார். உருண்டை சீரான இழுவைக்குச் செய்தது. திடீர் வெட்டு இழுவையில் அதன் கழுத்து முறிந்தால் சங்கிலியோடு பறந்து வரும். வெளிநாடுகளில் அப்படி ஆட்கள் செத்திருக்கிறார்கள். வயலுக்குப் போகும்போது நாக்கையே கழற்றி வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உருண்டை வாங்கும்போது அதன் தலையில் பொறித்த அளவை வாசியுங்கள். 50 மில்லிமீற்றரும் 2 அங்குலமும் ஒன்றுதான் என்று கடைக்காரர் சாதிப்பார். 2 அங்குலம் என்பது 50.8. எங்கள் ட்ரெய்லரின் மூக்கு 50க்கானது. பெரிய உருண்டையில் அது முழுதாக இறங்காமல் பூட்டு அரைகுறையாகக் கிடந்தது. மாற்றித்தான் வாங்கினோம். விளக்குக்கு ஏழு முனை இணைப்பு: மஞ்சள் இடப்பக்கச் சமிக்ஞை, பச்சை வலப்பக்கம், சிவப்பு பிரேக், வெள்ளை தரைக் கம்பி. வாவி இறங்குதுறையில் ட்ரெய்லரைத் தண்ணீருக்குள் விடுமுன் அந்த இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். எரிந்து சூடான குமிழில் தண்ணீர் பட்டால் வெடிக்கும், உப்புத் தண்ணீர் முனைகளையும் அரித்துவிடும்.

ட்ரெய்லருக்குத் தனிப் பதிவும் தனி இலக்கமும் வேண்டும்; அது ஏற்கெனவே இருந்தது. பம்பர் மாற்றத்தைக் காப்புறுதிக்காரருக்கு எழுத்தில் அறிவித்து, கிடைத்த பதிலை வாகனத்திலேயே வைத்திருக்கிறேன். செலவு எல்லாம் சேர்த்தும் கொழும்புப் பம்பரின் விலையில் பாதிகூட வரவில்லை.

முதல் ஓட்டம் வாழைச்சேனை வரை. பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும் மூக்குக்கு அடியில் குறுக்காகக் கொழுவிக்கொண்டு புறப்பட்டோம். ஏறாவூர் தாண்டி வீதி வெறிச்சோடிய இடத்தில் வேகத்தைக் கொஞ்சம் கூட்டி, கூட்டியபடி விட்டுப் பார்த்தேன். கண்ணாடியில் படகு அசையவில்லை. பிரேக்கில்தான் வித்தியாசம் தெரிகிறது. பின்னால் இருந்து ஒருவர் தோளில் கை வைத்துத் தள்ளுவதுபோல் இருக்கும், ஆகவே முன்வண்டிக்கு விடும் இடைவெளியை இரட்டிப்பாக்கியிருக்கிறேன். திரும்பி வந்ததும் எல்லாப் போல்ட்டையும் மறுபடி இறுக்கிப் பார்த்ததில் இரண்டு போல்ட்டுகள் அரைச் சுற்று வாங்கின.

இனி எதிரி துரு ஒன்றுதான். ஓட்டின் அடியில் தண்ணீர் வடியத் துளைகள் விட்டு, துத்தநாகம் கலந்த அடிப்பூச்சு அடித்திருக்கிறோம். வாவியிலிருந்து வந்த அன்றே நல்ல தண்ணீரால் கழுவுகிறோம். நாக்கைக் குழாய்க்குள் மாதக்கணக்கில் விட்டுவைத்தால் பிறகு சுத்தியலால்கூட வராது. கிறீஸ் பூசிக் கழற்றி வைப்பதே வழி. பஜிரோ வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இதே படத்தைக் கேட்கிறார். 1999க்குப் பிந்திய பஜிரோவில் தனிச் சேசி கிடையாது, உடலோடு சேர்ந்ததுதான். அவருக்கு இந்தப் படம் உதவாது. அந்த வாகனத்துக்கென்றே செய்த இழுவைத் தண்டைத்தான் தேட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.